தங்கப்பூச் சுவர்

இந்தக் கதையை வெளியே சொல்வது உம்மாவுக்குப் பிடிக்காது. வீட்டு விஷயம் வீட்டுக்குள்ளே கிடக்கட்டும் என்பார். கிடந்ததால் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், ஆகவே சொல்லத்தான் போகிறேன். இதில் என் தவறும் ஒன்று இருக்கிறது. அதை நானே சொல்லாவிட்டால் மாமா தன் பாட்டுக்கு மாற்றிச் சொல்லிவிடுவார்.

எங்கள் ஊர்ப் பக்கம் கல்யாணம் முடித்தால் பெண் எங்கேயும் போவதில்லை. வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து குடியேறுவார். நிந்தவூரில் இருந்த எங்கள் வீட்டை வாப்பா கட்டாரில் லொறி ஓட்டிக் கட்டினார். எனக்கு மூத்தவளான ராத்தாவுக்குக் கல்யாணம் பேசியதும் வீடு அவள் பெயருக்குப் போனது. உம்மாவும் நானும் பின்பக்கத்துச் சின்ன அறைக்கு மாறினோம். மருதமுனையிலிருந்து மாப்பிள்ளையாக மச்சான் வந்து சேர்ந்தார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மச்சான் என்றால் உயிர். மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் தாங்கிக்கு மேல் என்னை உட்காரவைத்துக் கல்முனைக்குக் கொண்டுபோய் ஐஸ்சொக் வாங்கித் தந்த ஒரே ஆள் அவர்தான். வாப்பா தொலைபேசியில் மட்டும் இருந்த காலம் அது. அதனால் மச்சான் செய்வதெல்லாம் எனக்குச் சரியாகவே பட்டது.

கல்யாணமாகி ஏழெட்டு மாதம் இருக்கும். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், மச்சான் தங்கள் அறையில் ஸ்டூலில் ஏறி நின்று வோல்பேப்பர் ஒட்டிக்கொண்டிருந்தார். அலுமாரி நிற்கிற அந்த ஒரு சுவருக்கு மட்டும். இளமஞ்சள் தாளில் தங்கப்பூக்கள். எங்கள் தெருவில் அதுவரை யாரும் சுவருக்குத் தாள் ஒட்டியதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்களெல்லாம் வந்து தொட்டுப் பார்த்தார்கள். தாள் சுருளைப் பிடித்துக் கொடுத்தது நான்தான் என்று வகுப்பில் ஒரு கிழமை, ஏழு நாளும், பீற்றிக்கொண்டு திரிந்தேன். ராத்தா மட்டும் கட்டிலில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ரசனையில்லை என்று முடிவு கட்டினேன்.

அதற்குப் பிறகு ராத்தா உடுப்பை அயன் பண்ணுவதையும் விட்டுவிட்டாள். அயன் அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டது. அவள் தன் சல்வாரை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தாள். சோம்பல் என்று நினைத்தேன்.

ஒரு வருடம் போகவில்லை. ஒரு காலையில் ராத்தா மச்சானின் பெட்டியைத் தூக்கி முன்வாசலில் வைத்தாள். சத்தமில்லை, சண்டையில்லை, ஒரு பெட்டி மட்டும். மச்சான் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மருதமுனைக்கு, தாய் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் போனதும் ராத்தா அறைக்குள் வந்து தங்கப்பூத் தாளின் மூலையில் நகத்தை விட்டு ஒரே இழுவையில் இழுத்தாள். பளபளப்பான மேல்தாள் பால் ஆடைபோல உரிந்து வந்தது. உள்தாள் வரவில்லை. பழுப்பு நிறத்தில், திட்டுத் திட்டாக, பிடிவாதமாகச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

மூன்றாம் நாள் மாமா வந்தார். உம்மாவின் நானா, மூத்த அண்ணன். வாப்பா இல்லாத வீட்டில் எல்லாத் தீர்ப்பும் அவருடையதுதான். சுவரைத் தடவிப் பார்த்தார்.

"உள்தாள் நல்லாத்தானே இரிக்கி. இதுக்கு மேல புதுச ஒட்டினா ஒருத்தருக்கும் தெரியா. அதே தங்கப்பூவுல ரெண்டு ரோல் நான் எடுத்துத் தாறன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய மரைக்கார் வாறார். கதைச்சி முடிச்சிருவம்."

மரைக்கார் என்றால் பள்ளிவாசலில் எங்கள் குடிக்குப் பொறுப்பானவர். புருஷன் பெண்சாதிப் பிணக்கென்றால் அவர் வந்து உட்கார்ந்து இணக்கி வைப்பார். அவர் இணக்கி வைக்காமல் எழும்பியதாக ஊரில் யாரும் சொன்னதில்லை.

"ஒட்டுறதுக்கு ஒண்டும் மிச்சம் வைக்க மாட்டன் மாமா," என்றாள் ராத்தா. "சுவர் தெரியிற மட்டும் சுரண்டப் போறன்."

"அந்த மனிசன் அப்படி என்னதான் புள்ள செஞ்சாரு? சொன்னாத்தானே தெரியும்."

"எனக்கு வேணாம் எண்டு சொல்றன். அது காணாதா?"

"காணாது. அது மட்டும் போதாது. மரைக்காருக்குக் காரணம் வேணும்."

ராத்தா காரணம் சொல்லவில்லை. உம்மா அழுது கேட்டார், சொல்லவில்லை. சாப்பிடாமல் இருந்து பார்த்தார், அதற்கும் சொல்லவில்லை. வெந்நீர் வைத்து, அதில் வினாகிரியும் சட்டி கழுவுகிற சோப்பும் கலக்கிக்கொண்டு அறைக்குள் போனாள்.

நானும் போனேன். என் கணக்கு வேறு. சுவர் இப்படிச் சொறி பிடித்த மாதிரி இருந்தால் மச்சான் வந்து பார்த்து என்ன நினைப்பார்? பழையது முழுக்கப் போனால்தான் மாமா கொண்டு வருகிற புதுத்தாள் நன்றாக ஒட்டும். புதுத்தாள் ஒட்டினால் மச்சான் வருவார். மச்சான் வந்தால் ஐஸ்சொக்.

வேலை லேசுப்பட்டதில்லை. வாப்பாவின் பழைய சாரனைக் கிழித்து, வெந்நீரில் நனைத்துச் சுவரில் அப்ப வேண்டும். ஒரு உலை கொதிக்கிற நேரம் விட வேண்டும். பிறகு பெயின்ட்காரர் வைத்திருக்கிற தகட்டால், சுவர் காயப்படாமல், சாய்த்துப் பிடித்துச் சுரண்ட வேண்டும். அவசரப்பட்டால் தாள் வராது, பூச்சுத்தான் பெயரும். ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தட்டுப் பிரமாணம்தான் வெள்ளைச் சுவர் தெரிந்தது. பசை புளித்த கஞ்சிபோல நாறியது. நகத்துக்குள் எல்லாம் அதுதான்.

மாமா வந்து வந்து பார்த்தார். இருக்கிறதைக் கெடுக்காதே என்று ஏசினார். ராத்தா திரும்பிக்கூடப் பார்க்காமல் சுரண்டினாள். அவளுக்கு இவ்வளவு நெஞ்சுரம் எங்கேயிருந்து வந்தது என்று எனக்கு ஆச்சரியம்.

என்னிடம் அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அலுமாரிக்கு இங்கால இருக்கிற துண்டை நீ தொடாத தங்கச்சி. அத நான் பாக்கிறன்."

இரண்டாம் நாள் உம்மாவுக்கே மனம் கேட்கவில்லை. வாசலில் நின்றபடி, "ஈரத்துணிய வெச்சு அயனால தேய்ச்சா, ஆவிக்குக் கழண்டு வரும் எண்டு சொல்றாங்க," என்றார்.

"அயன் வேணாம்," என்றாள் ராத்தா. அந்தக் குரல் எனக்குப் புதிது.

வெள்ளிக்கிழமை வந்தது. சுவர் முழுக்க வெள்ளை. அலுமாரியோரத்துத் துண்டு மட்டும், என் கைகள் இரண்டையும் விரித்த அகலத்துக்கு, பழுப்பாக நின்றது. ஜும்ஆ முடிந்து மாமாவும் மரைக்காரும் வந்து முன்னறையில் உட்கார்ந்தார்கள். மாமாவின் கக்கத்தில் புதுத்தாள் ரோல் இரண்டு. உம்மா பால் விடாத பிளேன்டி கொண்டுபோய் வைத்தார். ராத்தாவைக் கூப்பிட்டு நிறுத்தி மரைக்கார் பதமாகத்தான் பேசினார். குடும்பம் என்றால் அப்படி இப்படி இருக்கும், பொறுக்க வேண்டும், அல்லாஹ்வுக்கும் அதுதான் பிரியம் என்றார். அறைக்குள் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"வேணாம் ஹாஜியார்," என்றாள் ராத்தா. மூன்று தரம் கேட்டார்கள், மூன்று தரமும் அதே சொல்தான்.

எனக்குப் பதற்றம் பிடித்துக்கொண்டது. மச்சான் எந்த நேரமும் வந்துவிடலாம், ஒரு துண்டு இன்னும் மிச்சம் கிடக்கிறது! கதிரையில் ஏறி அலுமாரிக்கு மேலிருந்து அயனை இறக்கினேன். சூடாக்கி, ஈரச் சாரனைச் சுவரில் அப்பி, அதன் மேல் அழுத்தினேன். உஸ் என்று ஆவி கிளம்பியது. உம்மா சொன்னது சரிதான். துணியை எடுத்ததும் தாளும் தானாகத் தொங்கிக்கொண்டு வந்தது. ஒரு இடத்தில் தாளுக்குப் பின்னால் சுவரே இல்லை. என் விரல் உள்ளே போனது.

குழி. மேலே அகன்று, கீழே கூர்ந்து, ஓரமெல்லாம் வெடித்த குழி. எனக்கு அந்த வடிவத்தை எங்கேயோ பார்த்த ஞாபகம். கையில்தான் இருந்தது. வயரைக் கழற்றிவிட்டு அயனைத் தலைகீழாக்கி, மூக்கைக் குழிக்குள் வைத்துப் பார்த்தேன். மூடி போட்ட மாதிரிப் பொருந்தியது.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "மாமா, ஓடி வாங்க!" என்று கத்தினேன். "இங்க பாருங்க, அயன்ட மூக்கு இதுக்குள்ள செப்பமாப் போகுது!"

மாமா வந்தார். மரைக்கார் வாசலோடு நின்றார். உம்மா வந்தார். கடைசியாக ராத்தா வந்தாள். அயனைப் பிடித்தபடி கதிரைமேல் நின்ற என்னைப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கை நான் இப்போதும் மறக்கவில்லை. அடி விழப்போகிறது என்று நினைத்தேன். அவள் அயனை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு சுவரில் முதுகு சாய்த்து நின்றாள். குழி அவளுடைய காதுக்குப் பக்கத்தில் இருந்தது.

மரைக்கார்தான் கேட்டார். "இது எப்ப புள்ள?"

"தாள் ஒட்டினதுக்கு முதல் நாள்," என்றாள் ராத்தா. பிறகு மாமாவைப் பார்த்தாள். "இப்ப காணுமா மாமா?"

மாமா சுவரைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்தார். உம்மா கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தார். மரைக்கார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "நான் கேக்கிறதுக்கு ஒண்டுமில்ல," என்று சொல்லிவிட்டு வெளியேறிப் போனார். பிளேன்டி அப்படியே இருந்தது.

இதில் எனக்கு இன்றும் ஆறாத கோபம் உண்டு. அவள் வேணாம் என்று சொன்னது காணவில்லை. எத்தனை தரம் சொல்லியும் காணவில்லை. சுவர் வந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. காரணம் காட்டாமலே வெல்ல வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவளை, காட்டவைத்துவிட்டேன் நான். அதுதான் என் தவறு. ராத்தா ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

பிறகு சுவருக்கு அவளே நீலப் பெயின்ட் அடித்தாள். குழியை அடைக்கவில்லை. அடைக்கிறேன் என்று வந்த மேசன்மாரையும் திருப்பி அனுப்பினாள். வீடு அவளுடையது, சுவரும் அவளுடையது. மாமாவின் புது ரோல் இரண்டையும் உம்மா வெட்டினார். அந்த வருடம் என் கொப்பிகளுக்கெல்லாம் தங்கப்பூ உறை.

ஆனால் இதெல்லாம் பின்னால் விளங்கியவை. அந்த வெள்ளிக்கிழமை எனக்கு விளங்கியது ஒன்றும் இல்லை. சுவரை யாராவது அயன் பண்ணுவார்களா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அஸர் தொழுகைக்குப் பிறகு ராத்தா என்னைக் குசினியில் உட்காரவைத்து, சட்டியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் எடுத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக முக்கி, நகத்துக்குள் இறுகியிருந்த பசையை ஈர்க்கால் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப சுவர் எவ்வளவு வடிவு, என்ன ராத்தா?" என்றேன். "இனி மச்சான் வருவாரு."

ராத்தா அடுத்த விரலைத் தண்ணீருக்குள் வைத்தாள். நாலு நாள் அவளுக்குச் சமமாக நின்று சுரண்டியிருக்கிறேன், ஒரு பதில் சொல்லக் கூடாதா? எனக்கு அப்படி ஆத்திரம் வந்தது. அதற்குப் பிறகு ஒரு கிழமை நான் அவளோடு கதைக்கவில்லை.