ஆரஞ்சைத் தாண்டாத கை

"என் கை இனிமே வலைக்காரக் கை இல்ல நைனா, ஆராய்ச்சிக் கை. எந்த நிறம் கேட்டாலும் அந்த நிறத்துல நிறுத்தும்."

ஏரிக்கரையில் இருந்த பசியாவரம் படகுத் துறையில் கலைவாணி இப்படி அறிவித்தபோது சாட்சிக்கு ஏழெட்டுப் பேரும் ஒரு கூடை இறாலும் இருந்தார்கள். இறால் மட்டும் எதிர்வாதம் செய்யவில்லை.

"நிறத்தை நிறுத்துறதுன்னா இன்னாம்மா?" என்றார் அவள் அப்பா தேசப்பன்.

"குவாண்டம் புள்ளின்னு ஒண்ணு. கண்ணுக்கே தெரியாத துகள். பொருள் ஒண்ணுதான், அளவுதான் வேற. பொடிசா இருந்தா பச்சையா ஒளிரும், வளர்ந்தா மஞ்சள், ஆரஞ்சு, அப்புறம் சிவப்பு. குடுவையில சூடு ஏத்திகினே இருந்தா வளரும். வேணுங்கிற நிறம் வந்ததும் எடுத்துடணும்."

"குஞ்சு பச்சை, பெரிசு செவப்பு. இதுக்கா தினம் ரயிலேறிப் போற?" என்றான் தம்பி முனியன். தன் முனைவர் பட்டத்தை ஒரே வரியில் முடித்துவைத்த தம்பியைக் கலைவாணி பெருந்தன்மையோடு மன்னித்தாள்.

அவளுக்கு இருப்புக்கொள்ளாது. படகு கரை தொடுமுன் குதிப்பாள். ரயிலில் இடம் காலியாக இருந்தாலும் வாசலில் நிற்பாள். தேநீரை ஆறவிடாமல் நாக்கு வேக வேகக் குடிப்பாள். சின்ன வயதில் அப்பாவோடு ஏரிக்கு மீன்பிடிக்கப் போனபோது ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. வலையில் மீன் மாட்டியபின் தாமதித்தால் நண்டு வந்து மீனையும் கடிக்கும், வலையையும் அறுக்கும். "போதும், தூக்கு" என்பார் அப்பா. தூக்கிவிடுவாள்.

ஆய்வகத்தில் நண்டு இல்லை. ஆனாலும் ஆரஞ்சு வந்ததும் அவள் கை குடுவையைத் தூக்கிவிடும். அலமாரியில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சுக் குப்பிகள் கோயில் திருவிழா விளக்குகள்போல அணிவகுத்திருந்தன. சிவப்பு மட்டும் இல்லை.

"நாளைக்குக் கமிட்டி. சிவப்பைக் காட்டலேன்னா உன் ஆராய்ச்சியை நிறுத்திடுவாங்க," என்றார் வழிகாட்டி ஜெனிஃபர் மேடம். "காலையில எடுத்தது இன்னா நிறம்?"

"ஆரஞ்சு, மேடம்."

"குடுவையில போடுற மருந்து மீதி இருக்கா?"

"இன்னும் ஒரு குடுவைக்கு இருக்கு."

கலைவாணி அந்தக் கடைசிக் குடுவையை அடுப்பில் ஏற்றினாள். துகள்களை ஒளிரவைக்கும் ஊதா விளக்கைப் போட்டாள். பிறகு உதவியாளர் சாலமனைக் கூப்பிட்டு, கையுறையைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். முக்காலியை இழுத்துப் போட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகி உட்கார்ந்தாள்.

"இன்னாம்மா, குளிருதா?"

"இல்லண்ணா. நல்லா சிவந்தாதான் எடுக்கணும். நடுவுல நான் எடுன்னு சொன்னாலும் எடுக்காதீங்க."

பச்சை வந்தது. மஞ்சள் வந்தது. அவள் முழங்கால் தனியாக ஆடத் தொடங்கியது. ஆரஞ்சு வந்ததும் முக்காலியே நகர்ந்தது.

"போதும், தூக்குங்கண்ணா."

"மாட்டேன்."

"அண்ணா, கெட்டுப்போயிடும்."

"நீதானம்மா சொன்ன. கம்முனு குந்து."

உள்ளங்கை இரண்டும் வியர்த்து முக்காலியில் வழுக்கின. உலகத்து நண்டெல்லாம் அந்தக் குடுவையை நோக்கி ஊர்ந்து வருவதாகவே அவளுக்குப் பட்டது. சாலமன் கொட்டாவி விட்டார். பிறகு குடுவையைத் தூக்கி ஊதா விளக்குக்கு நேராகப் பிடித்தார்.

சிவப்பு. மாதுளை முத்துபோல.

உள்ளே வந்த ஜெனிஃபர் மேடம் அதையே பார்த்தபடி நின்றார். "கடைசியில வந்துடுச்சே. சரியா நிறுத்தியிருக்க, கலைவாணி."

"நிறுத்துனது சாலமன் அண்ணன், மேடம்," என்றாள் கலைவாணி. கைகளை இன்னும் அவள் வெளியே எடுக்கவில்லை.