வாசல் வைத்த மோதிரம்

பெயர் மாயக்கண்ணன். பிறந்த ஆண்டு 1936. ஊர் திருப்பத்தூருக்குக் கிழக்கே நான்கு மைல். 1952 முதல் காரைக்குடியில், பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில் இருந்த கிளப்புக் கடை எனப்பட்ட சிற்றுண்டிக் கடையில் மாவாட்டும் பணி. திருமணம் 30 ஆகஸ்ட் 1963, வெள்ளிக்கிழமை. மணமகள் தேவகோட்டைப் பக்கத்துச் சின்னத்தாயி. அவருடைய ஒரே அண்ணன் செம்மலை, விவசாயி. மாயக்கண்ணனின் வலக்கை மோதிர விரலின் சுற்றளவு, 1975 மே மாதம் நான் நூல் பிடித்து அளந்தபடி: அடியில் ஆறே கால் சென்டிமீட்டர், நடுமுட்டியில் ஏழே முக்கால்.

இந்த ஒன்றரை சென்டிமீட்டர் வேறுபாடே இங்கே சொல்லப்படுவது. மூவரையும் தனித்தனியே கேட்டேன். அவர்கள் சொன்ன தேதிகள் முரண்பட்ட இடங்களில் திருமண அழைப்பிதழையும், நகை செய்த பத்தரின் குறிப்பேட்டையும் நம்பியிருக்கிறேன்.

அந்தக் கடையின் இட்லியை உண்டு கல்லூரிக்குப் போனவர்களுள் நானும் ஒருவன். பிற்பகல் இரண்டு மணிக்குக் கடையின் பின்கட்டில் குழவி உருளத் தொடங்கும். தேவகோட்டைப் பேருந்தின் ஒலிப்பானும் கல்லுரலின் முனகலும் சேர்ந்து கேட்டால் கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. இன்று அவ்விடத்தில் துணிக்கடை இருக்கிறது. அதைக் கடக்கும்போது உளுந்தின் ஈர மணம் வருவதாக இப்போதும் எனக்குத் தோன்றுகிறது. அது தவறு என்பதும் தெரியும்.

நாளொன்றுக்குப் பத்துப் படி அரிசிக்குக் குறையாமல் ஆட்டிய கை அது. பதினாறு வயதில் தொடங்கியவருக்குத் திருமண வயதில் விரல்முட்டிகள் ஒவ்வொன்றும் நெல்லிக்காயாகத் திரண்டிருந்தன.

பந்தலில் மணமகனுக்குப் பெண்ணின் உடன்பிறந்தவன் மோதிரம் போடுவது இவ்விரு குடும்பங்களின் வழக்கம். அளவெடுக்கச் செம்மலையே காரைக்குடிக்கு வந்தார். தென்னங்கீற்றில் ஒரு நறுக்குக் கிழித்து மாப்பிள்ளையின் விரலடியில் சுற்றி, முனையை முடிந்தார். முடிந்ததைக் கழற்றப் பார்த்தால் அது முட்டியைத் தாண்டி வரவில்லை. இடுப்பிலிருந்த பாக்குவெட்டியால் ஓலையை நறுக்கி எடுத்து, வெட்டுவாயை நூலால் சேர்த்துப் பத்தரிடம் கொடுத்துவிட்டார். ஓலையே வெளியே வராத விரலில் தங்கம் எப்படி உள்ளே போகும் என்று அவருக்குத் தோன்றவில்லை. பத்தருக்கோ அந்த விரலைப் பார்க்கும் வாய்ப்பே இல்லை.

எனவே தாமரை பொறித்த அரைப் பவுன் மோதிரம், முகூர்த்தத்தன்று, ஊரார் பார்த்திருக்க, நடுமுட்டியில் நின்றது. தேங்காயெண்ணெய் வந்தது. சவக்காரம் வந்தது. செம்மலையின் நெற்றியில் வேர்வை வந்தது.

"ஆட்டுக்கல்லு சுத்துற கைக்கு மோதிரம் பத்துமாப்பா? வண்டிச் சக்கரத்துப் பட்டாவையில்ல அடிச்சுக் கொண்டாரணும்!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

ஊராரின் சிரிப்பை அடக்க எண்ணி மாயக்கண்ணன் ஒன்று சொன்னார். "விரலைச் செதுக்க ஒரு தச்சாசாரியையும் கையோட கூட்டியாந்திருக்கலாமே மச்சான்."

சிரிப்பு இரட்டித்தது. செம்மலை சிரிக்கவில்லை. மோதிரத்தைச் சுண்டுவிரலில் மாட்டிவிட்டு எழுந்தவர், பந்திக்கு அழைத்தபோது கைகூப்பி மறுத்தார்.

"இது ஒங்க மோதிர வெரல்ல ஏறுன பெறகுதான் என் தங்கச்சி வீட்டுல கை நனைப்பேன், மாப்ளே. அதுவரைக்கும் பச்சைத் தண்ணி கிடையாது."

சொன்னபடி நடந்தார். 1964 பொங்கலுக்குச் சீர் கொண்டு வந்தார். பானை, கரும்பு, மஞ்சள்கொத்து, தங்கைக்குச் சேலை எல்லாவற்றையும் முற்றத்தில் இறக்கி வைத்துவிட்டு, நின்றபடியே பேசி, அடுத்த பேருந்துக்குக் கிளம்பினார். தங்கை நீட்டிய மோர்ச்செம்பு நீட்டிய கையிலேயே இருந்தது. தாயும் தகப்பனும் இல்லாத சின்னத்தாயிக்குப் பிறந்த வீடென்பது அந்த ஒருவர்தான். அண்ணன் போன பிறகு அந்த மோரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றியதாக என்னிடம் சொன்னார் சின்னத்தாயி.

அந்த ஆண்டே பத்தர் மோதிரத்தைப் பெரிதாக்கினார். இப்போது முட்டியைக் கடந்தது. ஆனால் அடியில் நிற்கவில்லை. தாமரை உள்ளங்கைப் பக்கம் புரண்டு தொங்கியது. சின்னத்தாயி மஞ்சள் நூலைச் சுற்றி இறுக்கினார். அடுத்த முறை வந்த செம்மலை அதை ஒருமுறை பார்த்தார்.

"நூல் சுத்தினா அது மோதிரமா தங்கச்சி? மளிகைக்கடைப் பொட்டலம். தங்கம் தோலைத் தொடணும்."

நூலை அவிழ்த்தாயிற்று. அவிழ்த்த மூன்றாம் நாள் பிற்பகல் மோதிரம் மாவுக்குள் போயிற்று. ஒரு மணி நேரம் துழாவி எடுத்தபோது தாமரையில் ஓரிதழ் நசுங்கியிருந்தது. கடை முதலாளி கோபப்படவில்லை. கோபத்தைவிட மோசமாகப் பேசினார்.

"இட்லிக்குள்ள மோதிரம் வச்சு விக்கிறோம்னு தெரிஞ்சா கூட்டம் கூடத்தான் செய்யும் மாயா. பல்லு போனவன் வந்து நின்னா பதில் நீதான் சொல்லணும். மாவுல கை வைக்கையில வெரல்ல ஒண்ணும் இருக்கப்படாது."

இப்படியாக நிபந்தனைகள் மூன்றாயின. மோதிரம் முட்டியைக் கடக்க வேண்டும். அடியில் நூலின்றி நிற்க வேண்டும். நாள்தோறும் பிற்பகலில் எளிதாகக் கழல வேண்டும். பத்தர் கையை விரித்தார். அரசின் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பதினான்கு காரட்டில் செய்தது, முட்டிக்கும் அடிக்குமாக வளைந்துகொடுக்காது, இனி அடித்தால் விரிசல்தான் விடும் என்றார். மோதிரம் அரிசிப்பானைக்குள் போயிற்று. 1965, 1966 பொங்கல்களும் முற்றத்தோடு போயின.

1965இல் பெண் குழந்தை பிறந்தது. பெயர் மலையம்மாள். அவளுக்குக் காது குத்த 20 ஜனவரி 1967 எனத் தேதி குறித்தார்கள். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அந்த ஆண்டுப் பொங்கல் சீரையும் அன்றைக்கே சேர்த்துக்கொண்டு செம்மலை வருவார், மடியில் வைத்துக்கொள்வார்; விருந்தில் உட்காரமாட்டார். மாமன் உண்ணாத காதுகுத்தை ஊர் எத்தனை காலம் பேசும் என்பது சின்னத்தாயிக்குத் தெரியும். அதைவிட, அந்த மோர்ச்செம்பை நான்காவது முறையாக நீட்ட அவருக்குத் தெம்பில்லை.

மார்கழியில் குழந்தைக்குத் தோடு வாங்கப் பத்தரிடம் போனார். பத்தர் தோட்டின் திருகாணியைக் கழற்றி மாட்டிக் காட்டினார். சின்னத்தாயி அதைத் திரும்பத் திரும்பக் கழற்றச் சொன்னார். பிறகு மடியிலிருந்து மோதிரத்தை எடுத்து வைத்தார்.

"ஏன் பத்தரே, தோட்டுக்குத் திருகு வச்சிருக்கீக. சங்கிலிக்குக் கொக்கி வச்சிருக்கீக. மோதிரத்துக்கு மட்டும் ஒரு வாசல் வைக்கப்படாதா?"

"வீடு கட்டுறாப்புல பேசுறியே, தாயி."

"வீட்டுக்குள்ள கதவு வழியாத்தானே போறோம். மோட்டு வழியாவா இறங்குறோம்?"

பத்தர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மோதிரத்தை வெயிலில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பதினோரு நாள் எடுத்துக்கொண்டார். மோதிரத்தை அறுத்து மீண்டும் அடியளவுக்குக் குறுக்கி, தாமரையின் ஒருபுறம் கடுகளவு கீலும் மறுபுறம் ஒரு கொக்கியும் வைத்தார். மெத்தென்ற சுத்தத் தங்கமாக இருந்தால் கீல் நின்றிருக்காது. நான்கு ஆண்டுகளாக அவர் திட்டிய பதினான்கு காரட்தான் அதைத் தாங்கியது. நசுங்கிய இதழை நிமிர்த்தட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்றாராம் சின்னத்தாயி.

காதுகுத்து நாள் காலை செம்மலை புதுத்துணியும் சீர்த்தட்டுமாக வந்தார். மாயக்கண்ணன் முற்றத்திலேயே அவரை நிறுத்தி, திறந்த மோதிரத்தை அவர் உள்ளங்கையில் வைத்துத் தன் வலக்கையை நீட்டினார்.

"அன்னைக்குப் பாதியில நின்னுபோச்சு மச்சான். என் வாயும் சும்மா இருக்கல. இப்ப நீங்களே போட்டுவிடுங்க."

செம்மலை கதவுபோல் திறந்திருந்த வளையத்தை விரலடியில் வைத்து மூடினார். கொக்கி விழும் ஓசை கேட்டது. சுழற்றிப் பார்த்தார், சுழலவில்லை. இழுத்துப் பார்த்தார், முட்டிக்குக் கீழேயே நின்றது.

"இது மோதிரமா, பூட்டா மாப்ளே?"

"பூட்டுதான். திறக்குற வித்தை ஒங்க தங்கச்சி கையில."

செம்மலை சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டால் முகத்தைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"என்ன ஆத்தா, இலை போடுறியா இல்லையா? மொதப் பஸ்ஸுக்கு வந்தது, பசிக்குதுல்ல."

காலைப் பலகாரத்துக்கான மாவு, முந்தைய பிற்பகல் மாயக்கண்ணன் தம் வீட்டு உரலில், வெறும் விரல்களோடு ஆட்டியது. பரிமாறியவர் சின்னத்தாயி. எண்ணிக்கையை அவரும் அவருடைய கணவரும் தனித்தனியே கூறினர், இரண்டும் ஒத்துப்போயின.

செம்மலை அன்று காலை உண்ட இட்லிகள்: பதினேழு.