எனக்கு விழாத தாயம்

எங்கள் பள்ளியில் கணக்கு டீச்சர்கள் இரண்டு பேர். நான் மூத்தவள், ஆர்.எஸ்.மங்கலத்துக்காரி. இன்னொருத்தி கடற்கரை ஊர் முஸ்லிம் வீட்டுப் பெண், வேலைக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. அவளைக் கண்டாலே எனக்கு ஆகாது. காரணம் தெரியவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பச்சைப் பொய். பிள்ளைகள் அவளைப் பார்த்தால் சிரிப்பார்கள், என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பார்கள். அதுதான் காரணம்.

கணக்கு என்றாலே ஓடுகிற சனத்தை இந்தப் பக்கம் இழுக்க, பள்ளி இருக்கும் இராமேஸ்வரத்திலேயே எங்கள் இருவரையும் ஆளுக்கொரு பக்கமாக ஒரு கணக்குத் திருவிழா நடத்தச் சொன்னார் தலைமையாசிரியை. யாரிடம் கூட்டம் சேருகிறதோ, அவருக்கே கடலோர ஊர்களுக்கெல்லாம் அதைக் கொண்டுபோகும் பொறுப்பு. அந்தப் பொறுப்பு எனக்கு வேண்டும். ரொம்பவே வேண்டும்.

பள்ளி மண்டபத்தில் சூத்திரங்களை வண்ண வண்ணமாக எழுதித் தொங்கவிட்டுக் காத்திருந்தேன். வந்த இரண்டொருவரும் மின்விசிறிக் காற்று வாங்கிவிட்டுப் போனார்கள். அவளோ, விசைப்படகு வராத நாள் என்பதால் காலியாகக் கிடந்த மீன் ஏலக் கொட்டகையில் பாயை விரித்து, தாயக்கட்டையை உருட்டிவிட்டிருந்தாள். ஊர்ப் பெண்கள் மொத்தமும் அங்கேதான்.

ஏதாவது குற்றம் கண்டுபிடிக்கலாம் என்று நேரே அங்கே போனேன்.

தாயம், அதாவது ஒன்று, விழாமல் ஆட்டத்தில் காய் இறங்காது. அது எத்தனைக்கு ஒரு தடவை விழுகிறது என்று பெண்கள் உருட்டி உருட்டித் தரையில் கரிக்கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் நடத்திய பாடம் அவ்வளவுதான்.

“வாங்கக்கா, இங்கன உக்காருங்க. நீங்களும் ஒரு கை போடுங்க” என்றாள் முகம் நிறைய. அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

உட்கார்ந்து போட்டேன். விழவில்லை. மறுபடி, மறுபடி. ம்ஹூம். கூட்டம் சிரிக்கச் சிரிக்க எனக்கு வீம்பு ஏறியது.

“இம்புட்டு நேரம் விழல, இப்ப விழுந்துதான் ஆகணும்!” என்று சொல்லிவிட்டேன். முதுகலைக் கணிதம் படித்த வாய்.

“அதெப்படி டீச்சர்? முன்ன விழாதது கட்டைக்குத் தெரியுமாக்கும்? ஒவ்வொரு தடவையும் புதுசாத்தானே விழுது! சும்மா போடுங்க” என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். கொட்டகையே கைதட்டியது.

திரும்பிப் பார்த்தேன். இடுப்பில் பிள்ளையோடு நின்றாள். பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். இதே நிகழ்தகவைக் கரும்பலகை நிறைய எழுதிப்போட்டு அவளை எழுப்பிக் கேள்வி கேட்டிருக்கிறேன். எப்போது கேட்டாலும் தலைகுனிந்து நிற்பாள்.

பொறுப்பு இளையவளுக்கே போனது. அதைக்கூட விழுங்கிவிடலாம். ஒரு வருடம் என் வகுப்பில் இருந்தவளின் குரலை நான் முதன்முதலாகக் கேட்டது, இன்னொருத்தி விரித்த பாயில் உட்கார்ந்து.