பெரியம்மாவின் பசி

எங்கள் பெரியப்பாவின் வயிறு பேசும் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். பக்கத்து வீட்டுக்காரர்களும் முதலில் சிரிக்கத்தான் செய்தார்கள். பிறகு தங்கள் பிள்ளைகளை எங்கள் வாசலில் விளையாட விடுவதை நிறுத்திவிட்டார்கள்.

எழுபதுகளின் கடைசி. காரைக்கால் கோவில்பத்தில் எங்கள் வீடு. அப்பாவின் அண்ணனான பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவர்களை ஊரில் ‘சொல்தா’ என்பார்கள். மீசை நறுக்குவதிலிருந்து சாப்பிடுவது வரை அவருக்கு எல்லாமே அளவுதான். இரண்டாவது கரண்டி சோற்றுக்கு இலையைக் கையால் மறைத்துவிடுவார். அவர் கடல் தாண்டி ஏதோ ஒரு முகாமில் இருந்தபோது, நான் பிறப்பதற்கும் முன்பே, பெரியம்மா டைபாய்டில் போய்ச் சேர்ந்துவிட்டாள். காய்ச்சல்காரிக்குச் சோறு ஆகாது, லங்கணம் பரம ஔஷதம் என்று வெறும் கஞ்சித்தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தவள் என் அத்தை. பெரியம்மா கடைசியாகக் கேட்டது ஒரு பிடி சோறும் கருவாட்டுக் குழம்பும். அத்தை கொடுக்கவில்லை. அதிலிருந்து எங்கள் வீட்டில் அத்தை கருவாடு சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை.

அப்படி அளவோடு இருந்த பெரியப்பாவுக்குத்தான் திடீரென்று பசிக்க ஆரம்பித்தது. சாப்பிடுவார், கொஞ்ச நேரம் முகம் தெளிந்திருக்கும். பிறகு நெஞ்சுக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டு சுருண்டுவிடுவார். எரியுது, எரியுது என்று மறுபடி சோற்றுப்பானையைத் தேடி வருவார். தின்பதெல்லாம் எங்கே போயிற்றோ, சட்டை மட்டும் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஊரே அடங்கிக் கிடக்கும் உச்சி வேளையில் அவர் அறையிலிருந்து ஒரு சத்தம் வரும். துருப்பிடித்த கீல் திறப்பதுபோல் தொடங்கி, யாரோ முனகுவதுபோல் முடியும். எட்டிப் பார்த்தால் அவர் தூங்கிக்கொண்டிருப்பார். வயிறு மட்டும் விழித்திருக்கும்.

ஒருநாள் கிணற்றடியில் குந்தி உட்கார்ந்து வாந்தி எடுத்தார். ஒரு பருக்கை இல்லை, வெறும் தண்ணீர். அது விழுந்த இடத்தில் சுண்ணாம்புக் காரைத் தரை சுர்ரென்று நுரைத்துப் பொங்கியது. அடுப்பில்லாமல் தரை கொதிப்பதை அன்றுதான் பார்த்தேன். எனக்குப் பின்னால் நின்ற அத்தையும் பார்த்துவிட்டாள்.

“இது மனுச வயித்துத் தண்ணி இல்ல. அண்ணிதான். சோறு கேட்டுக்கிட்டே போனவங்க, இப்ப அண்ணன் வயித்துக்குள்ள வந்து உக்காந்துட்டாங்க” என்றாள்.

அப்பா ஆபீஸ் போகிறவர். “பித்தம்னா அப்படித்தான் இருக்கும்” என்று சிரித்தார். சிரித்தாரே தவிர, அதன்பிறகு அவரும் அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டுதான் தண்ணீர் இறைக்கப் போனார்.

புருஷன் இருக்கும்போதே வாழ்வரசியாகப் போனவளைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவளுக்குப் படைக்கும்போது வயதுக்கு வராத ஒரு பெண்பிள்ளையை அறைக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்துவார்கள். வீட்டில் அதற்குத் தோதான பெண்பிள்ளை நான் ஒருத்திதான். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காரைக்கால்மேட்டிலிருந்து நெத்திலிக் கருவாடு வந்தது. மனைப்பலகையில் புதுப் புடவை, அதன்மேல் மல்லிகைச் சரம், எதிரே தலைவாழை இலை. அத்தை அழுதுகொண்டே பரிமாறினாள். கணவன் என்பதால் பெரியப்பாவும் உள்ளே இருக்க வேண்டும். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது. அவரும் அதைப் பட்டாளத்து உத்தரவுபோல் ஏற்றுக்கொண்டார்.

கதவைச் சாத்தினார்கள். ஆடிக் காற்று வெளியே மணலை வாரிச் சுவரில் அடித்தது. அறை முழுக்கக் குழம்பு வாசனை. பெரியப்பாவின் நெற்றியில் வேர்வை துளிர்த்து மூக்கு வழியாகச் சொட்டியது. அப்போது அந்தச் சத்தம் வந்தது. இவ்வளவு பக்கத்தில் நான் அதைக் கேட்டதில்லை. சுவர்ப்பக்கம் ஒண்டிக்கொண்டேன்.

“யாரு பெரியப்பா அது?”

“பயப்படாதம்மா. உன் பெரியம்மாதான். கூப்புடுறா.”

அதை அவர் சொன்ன விதத்தில் பயமே இல்லை. வெட்கப்படுகிற மாப்பிள்ளை மாதிரி சொன்னார். பிறகு இலைக்கு முன்னால் நகர்ந்து சோற்றைப் பிசைந்தார். நான் அறிந்த பெரியப்பா அப்படிச் சாப்பிடமாட்டார். உருண்டை உருண்டையாக, கண்ணை மூடிக்கொண்டு, கருவாட்டு முள்ளைக்கூடத் துப்பாமல். சாப்பிடச் சாப்பிட அவர் முகத்து வலி வழிந்து இறங்கியது. வயிறும் அடங்கியது.

அத்தை கதவைத் திறந்தபோது இலை கழுவிவிட்டதுபோல் இருந்தது.

“அவதான் சாப்புட்டா” என்றார் பெரியப்பா.

அத்தை அப்படியே இலைக்கு முன்னால் விழுந்தாள். “வயிறு நெறஞ்சுதா அண்ணி? நெறஞ்சுதா?” என்று தரையில் தலையை முட்டி முட்டி அழுதாள். நான் பார்த்தது பெரியப்பாவின் கையைத்தான். ஆனால் சாப்பிட்டது யார் என்று என்னைக் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஆடி முடிந்தும் ஞாயிறுதோறும் படையல் நடந்தது. பூவாடைக்காரி வஞ்சனையில்லாமல் சாப்பிட்டாள், பெரியப்பா இளைத்துக்கொண்டே போனார். ஐப்பசி மழையில் ஒருநாள் தார் மாதிரி கறுப்பாக ரத்த வாந்தி எடுத்து விழுந்தார். அப்பா கார் பிடித்து அவரைப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார். புண் வரக்கூடாத இடத்திலெல்லாம் புண் இருக்கிறது என்று டாக்டர்கள் குழம்பினார்கள். கையில் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்ததால், தேறியதும் பிரான்சுக்கு அனுப்பி வைத்தார்கள்.

இப்போது நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்துகிறேன். காஸ்ட்ரின் பாடம் வந்தால் மதகை வைத்துச் சொல்வேன். சோறு வந்ததும் இரைப்பையின் சில செல்கள் ரத்தத்தில் காஸ்ட்ரின் என்ற ஹார்மோனைச் சுரந்து ‘மதகைத் திற’ என்று தகவல் அனுப்பும். வேறு செல்கள் அமிலத்தைத் திறந்துவிடும். அமிலம் போதுமான அளவு வந்ததும் தகவல் நின்றுவிடும். பெரியப்பாவுக்குக் கணையத்தில் மிளகளவு ஒரு கட்டி இருந்தது. அதுவும் காஸ்ட்ரின் சுரக்கிற கட்டிதான். ஆனால் அதற்குப் போதும் என்ற சொல் தெரியாது. சோறு வந்தாலும் வராவிட்டாலும், தூங்கினாலும் விழித்தாலும், திற, திற என்று சொல்லிக்கொண்டே இருந்தது. உள்ளே போகும் சோறு கொஞ்ச நேரம் அந்த அமிலத்தைத் தாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் அதற்கு உறுதியான வழி, இரைப்பையையே முழுசாக எடுத்துவிடுவது. எடுத்துவிட்டார்கள்.

மறுவருஷம் ஆடிக்குள் பெரியப்பா திரும்பி வந்தார். எரிச்சல் இல்லை, வாந்தி இல்லை. பசியும் இல்லை. கடிகாரத்தைப் பார்த்துக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டார். பிழைத்து வந்ததற்கு நன்றியாக அத்தை மறுபடி படையல் போட்டாள். அதே புடவை மடிப்பு, அதே கருவாட்டுக் குழம்பு, சாத்திய கதவு. இந்தத் தடவை எனக்குப் பயமில்லை. பெரியம்மா எப்போது வருவாள் என்று காத்திருந்தேன்.

குழம்பில் ஆடை கட்டியது. பெரியப்பா இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பொத்தானைக் கழற்றினார். நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள்வரை நீளமான தழும்பு.

“இங்க காத வச்சுக் கேளும்மா. எதாவது சத்தம் வருதா?”

வைத்தேன். தோல் சூடாக இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் கேட்டேன்.

“ஒண்ணும் இல்ல பெரியப்பா. எல்லாம் சரியாப் போச்சு!” என்று கையைத் தட்டினேன்.

“போயிட்டாளா” என்றார். என்னிடம் சொல்லவில்லை. பிறகு அவர் அழுத அழுகையைப்போல் ஓர் ஆண்பிள்ளை அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. பயந்துபோய்க் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன்.

“அத்தை, ஓடி வாங்க! பெரியப்பாவுக்கு வயிறு வலிக்குது!”