ஒடென்சேயில் கேட்ட இத்தாலியப் பெருமூச்சு

1988 மார்ச். ஞாயிறு காலை இக்காஸ்டிலிருந்து ஒடென்சேக்கு ரயில் ஏறினேன். எங்கள் டேனிஷ் வகுப்பு ஆசிரியை கியர்ஸ்டன் அங்கே ஒரு தேவாலயத்தில் பாடுகிறார். நானூறு வருடப் பழைய இத்தாலியப் பாட்டு, மட்ரிகல் என்று பெயர், வந்து கேளுங்கள் என்று கூப்பிட்டிருந்தார். என் மனைவி வசந்தி கொழும்பில் ஒரு லொட்ஜில் டென்மார்க் விசாவுக்காகக் காத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தனியே அறையில் கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும். இத்தாலி என்றாலும் சரி என்று புறப்பட்டேன். கூட வேலைசெய்யும் யோகனும் ஒட்டிக்கொண்டான்.

ஹேர்னிங்கில் ஒரு ரயில் மாறி, வைலேயில் இன்னொன்று. அதற்கு அப்பால் கடலைக் கடக்கும் பாலத்தில் யோகன் கேட்டான்.

"அண்ணை, வசந்தி அக்காவின்ர விசா அலுவல் என்னமாதிரி?"

"போன மாசமும் கேட்டனான். பொறுங்கோ எண்டுதான் சொல்லுறாங்கள்."

"சட்டப்படி மனுசியைக் கூப்பிடலாமெல்லோ?"

"ஓம், கூப்பிடலாம். நானும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறன்."

இரண்டு மணிக்குப் பாட்டு தொடங்கியது. ஐந்து பேர் அரைவட்டமாக நின்றார்கள். தம்புரா இல்லை, மிருதங்கம் இல்லை. தொடையில் தாளம் போடப் பார்த்தேன், பாட்டு பிடிகொடுக்கவில்லை. ஒரு குரல் புறப்பட, இன்னொன்று அதைத் துரத்திக்கொண்டு வந்தது. திடீரென்று ஐவரும் ஒரு சொல்லின் நடுவிலேயே நிறுத்தினார்கள். பெருமூச்சு விடும் இடத்தில் சொல்லை அறுத்து வெற்றிடம் விடுவது அந்தக் காலத்து வழக்கமாம். அந்த வெற்றிடத்தில்தான் என் வாய், "ஆகா!" என்றது. திருவிழாக் கச்சேரிகளில் பழகிய வாய். நல்ல சங்கதி விழுந்தால் சும்மா இராது. முன்வரிசைத் தலைகள் எல்லாம் திரும்பின. யோகன் என் காலை மிதித்தான். எனக்கு வெட்கத்தோடு அழுகையும் வந்தது. நான் ஊரைவிட்டு வெளிக்கிட்ட அந்த விடியலில் வசந்தியும் வீட்டுப் படலையில் நின்று இப்படித்தான் பாதிச் சொல்லோடு நிறுத்தினாள்.

முடிந்ததும் கோப்பி தந்தார்கள். கியர்ஸ்டனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"இத்தனை வருடத்தில் அந்த இடத்தில் எங்களுக்குப் பதில் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்" என்று சிரித்தார்.

"பாட்டின் கதை என்ன?"

"விடிந்துவிட்டது. காதலன் எழுந்து போகிறான். அவள் தாங்கமுடியாமல் அழுகிறாள்."

"பிறகு எத்தனை வருடம் கழித்து வந்தான்?"

"வருடமா? இரவு வந்துவிடுவான்."

யோகன் வாய்விட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். என் விசாக் கதை தெரிந்த கியர்ஸ்டன் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு இன்னும் கொஞ்சம் கோப்பி ஊற்றினார்.

ஐந்து மணி ரயிலில் திரும்பினோம். யோகன் தூங்கிவிட்டான். எனக்கு அந்தக் காதலன்மேல் ஒரே பொறாமை. காலையில் போய்ப் பொழுதுபட வீட்டுக்கு வருகிற பிரிவு. இக்காஸ்டில் தொழிற்சாலைக்குப் போகிற டேனிஷ்காரர் எல்லோருக்கும் தினமும் கிடைக்கிற பிரிவு அது. அதைத்தான் நான் இந்த அரசாங்கத்திடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.