வெளியாளுக்கு ஒரு விதி

அருணாசலம் அண்ணாச்சி வீட்டில் அன்று நான் சொல்லாமல் வந்த வாக்கியம் ஒன்றுதான்: “அது நான் எழுதியது.”

மாரடைப்பில் அவர் போய்விட்டார் என்று காலையில் நம் குழுவுக்குச் செய்தி வந்தது. சங்கரன்கோவிலில் இருப்பவள் நான் மட்டும் என்பதால் உங்கள் எல்லோருக்குமாகப் போனேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்தக் கொம்பு வேலைய ஒத்தையில இருந்து முடிச்சாவ, தாயி” என்றார். தலையை மட்டும் அசைத்தேன்.

பழைய எழுத்துருக்களில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றும் நம் மென்பொருளை, அவர் தம் டி.டி.பி. கடையில் கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவே தொடங்கினார். யாரும் திருத்தி அனுப்பலாம். பங்களிப்பு விதிகளைத் தமிழில் எழுதியபோது நானும் உடன் இருந்தேன். எழுதியவர் பெயரிலேயே மாற்றம் சேர வேண்டும். வேறொருவர் பார்க்காமல் எதுவும் எல்லோரும் பயன்படுத்தும் முதன்மைக் கிளைக்குப் போகக் கூடாது. யார் எதை எப்போது மாற்றினார் என்று அங்கே பதிந்துவிட்ட வரலாற்றைப் பின்னால் மாற்றக் கூடாது. “எனக்கும் இதாம்ட்டி சட்டம்” என்றார்.

துபாயில் இருக்கும் கடையநல்லூர் நண்பர் ஒருமுறை, ‘சரி செய்தேன்’ என்று மட்டும் குறிப்பெழுதி ஒரு மாற்றம் அனுப்பினார். அண்ணாச்சி திருப்பிவிட்டார். “எதச் சரி செஞ்சீருன்னு எழுதும்வே. நாளைக்கு நீரும் நானும் இல்லாட்டாலும் வாரவனுக்கு வெளங்கணும்லா.” குழுவில் பல நாள் அதைச் சொல்லிச் சிரித்தோம்.

பழைய எழுத்துருக்களில் ‘கெ’, ‘கே’ போன்றவற்றின் கொம்பை முன்னால் அடித்துவிட்டு எழுத்தைப் பின்னால் அடிப்பார்கள். மாற்றும்போது அது பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு மழைக்காலம் முழுவதும் எனக்கென்று பிரித்துக்கொண்ட தனிக் கிளையில் அதைத்தான் சரிசெய்துகொண்டிருந்தேன். திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் அவர் மென்பொருளைக் காட்டுவதற்கு முந்தைய நாள், என் மாற்றங்கள் எல்லாம் ஒரே மாற்றமாகச் சுருங்கி முதன்மைக் கிளையில் இருந்தன. எழுதியவர் பெயர்: அருணாசலம். பார்வையிட்டவர்: யாருமில்லை.

தொலைபேசியில் கேட்டேன். அவசரம் என்றார். விதியை நினைவூட்டினேன்.

“அது வெளியாளுக்குத்தான மக்கா. நாம ஒண்ணுக்குள்ள ஒண்ணு. இதுல ஒம்பேரு என்ன, எம்பேரு என்ன?”

ஒன்றுக்குள் ஒன்று என்றால் என் பெயரையே விட்டிருக்கலாமே என்று அவர் தொலைபேசியை வைத்த பிறகுதான் தோன்றியது. கல்லூரியில் கைதட்டியவர்களிடமும் அது என் வேலை என்று அவர் சொல்லவில்லை. அதன் பிறகு அவர் கடை வழியாகப் போவதை நான் விட்டுவிட்டேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த விதிகளை. அவரைவிட நான் அவற்றை நம்பியிருந்தேன் என்று இப்போது தெரிகிறது.

பதினாறாம் நாள் முடிந்ததும் ஒரு மாற்றம் அனுப்பினேன். வரலாற்றைத் தொடவில்லை, கொம்பு வேலை இருக்கும் கோப்பின் முதல் வரியில் எழுதியவர் பெயரை மட்டும் திருத்தினேன். எதைத் திருத்தினேன், ஏன் என்று குறிப்பும் எழுதினேன். துபாய் நண்பர் பார்த்து, சரி என்று பதிந்தார். முதன்மைக் கிளையில் சேர்க்கும் உரிமை அண்ணாச்சியின் கணக்குக்கு மட்டுமே இருந்தது. அதைச் சேர்க்கச் சொல்லும் என் கோரிக்கை இன்னும் திறந்தே கிடக்கிறது.