படத்துக்குள் புகுந்த வேலி

'புத்தகம் எப்ப வரும்?' என்று பண்டத்தரிப்பிலிருந்து ஒரு வாசகர் போன கிழமையும் கேட்டிருந்தார். இலங்கையின் கிழக்குக் கரையோர வேடர்களைப் பற்றிச் சிறுவர்களுக்காக நான் எழுதும் படப் புத்தகத்தைத்தான் கேட்கிறார். இரண்டு வருடமாக 'இந்தா வருது' என்று சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமாகிவிட்டது.

எழுத்து நாலு மாதத்தில் முடிந்தது. படங்கள்தான் இழுத்தன. ஓவியர் சிவம் அண்ணை யாழ்ப்பாணத்து இணுவில்காரர். கோயில் சுவர்களில் கண்ணப்பரை வரைந்து கை பழகியவர். ஆகவே முதல் தடவை எல்லாருக்கும் மயிலிறகு, இலை உடுப்பு... அதைத் திருத்தவே ஒரு வருடம் ஓடியது. இந்த முறை தோணி, வலை, இடுப்பில் சாரம், சைக்கிள் எல்லாம் சரி. இனி யார் குறை சொல்ல முடியும்? பென்சில் படங்களைச் சுருட்டிக்கொண்டு போன செவ்வாய் வாகரைப் பக்கம் பஸ் ஏறினோம்.

அங்கே எங்களுக்குப் பழக்கமானவர் பூமணி. தேன் எடுக்கும் வேடர் குடும்பம். அவர் சம்மதிக்காமல் புத்தகம் அச்சுக்குப் போகாது என்பது ஆரம்பத்திலேயே பேச்சு. காரணம், ஐந்தாம் வகுப்பில் படிக்கும் அவரது மகள். இலை உடுத்த வேடர் படமொன்றைக் காட்டி வகுப்பில் மற்றப் பிள்ளைகள் சிரித்த நாளிலிருந்து, தான் யார் வீட்டுப் பிள்ளை என்பதை அவள் வெளியில் சொல்வதில்லையாம். இந்தப் புத்தகத்தை வகுப்புக்குக் கொண்டுபோக அவள் ஓம் என்றால்தான் தானும் ஓம் என்றிருந்தார் பூமணி.

பூமணியும் மகளும் பாயில் படங்களைப் பரப்பிப் பார்த்தார்கள். தோணியைக் கண்டு மகள் சிரித்தாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அடுத்த படத்தில் பூமணியின் விரல் நின்றது.

"இதென்ன சேர், ஊட்டைச் சுத்தி அடைச்சிருக்கு?"

குனிந்து பார்த்தோம். ஒவ்வொரு குடிசைக்கும் தென்னோலைக் கிடுகு வேலி. வாசலில் கதவாகப் படலை வேறு! அசல் யாழ்ப்பாணத்து வேலி. நிமிர்ந்து அவர்களின் வீடுகளைப் பார்த்தேன் – சுற்றிவர வேலிக்கு நடும் ஒரு கதியால்கூட இல்லை. மூன்று தரம் வந்து போயிருக்கிறோம், நூறு போட்டோ எடுத்திருக்கிறோம். எப்படிக் கண்ணில் படாமல் போனது?

"வேலி இல்லாமல் கீறினா வீடு முடியாத மாதிரிக் கிடந்தது, தம்பி" என்றார் சிவம் அண்ணை, எனக்கு மட்டும் கேட்கும் குரலில்.

அவரைக் குற்றம் சொல்ல நான் யார்? வேலி நாலு விரல் தள்ளிப் போனதற்காகச் சாவகச்சேரி கோர்ட் படி ஏறி இறங்கிய குடும்பம் என்னுடையது.

அண்ணை ரப்பரை எடுத்தார். பூமணி பொறுக்கச் சொன்னார். எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒன்றை மட்டும் வேறு இடத்தில் போட வேண்டுமாம்.

"காட்டைச் சுத்திப் போடுங்க. இப்ப அங்கதான் வேலி நிக்கிது. தேனெடுக்கப் போனா நாங்க வெளியில."

பிறகு பூமணி மகளிடம், இதை வகுப்புக்குக் கொண்டுபோவாயா என்று கேட்டார். அவள் எங்களைப் பார்க்காமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வேலிக்கு வெளியில என்னையும் கீறுங்க. பள்ளிக்கூட உடுப்போட. அப்பிடியெண்டா கொண்டுபோவன்."

ஆகவே, பண்டத்தரிப்பு அன்பரே, புத்தகம் இன்னும் சுணங்கும். வேலி பிடுங்குவது எங்களுக்கு என்ன லேசான வேலையா?